சீனத் துணிச்சந்தையில் பேரம்: பத்தில் ஒரு பங்கு கணக்கு சரியா?

குவாங்சோவில் நான்கு நாள், பிறகு பெய்ஜிங்கில் மூன்று நாள் தங்கப் போகிறேன், வீட்டில் எல்லோருக்கும் துணி எடுக்க வேண்டும், சீனாவில் கடைக்காரர் சொல்லும் விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பேரத்தைத் தொடங்க வேண்டும் என்கிறார்களே, சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி சதவீதத்தைப் பற்றியது போலத் தெரிந்தாலும், உங்கள் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். பார்த்தவுடனே வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்துவிடும், மொழியும் தெரியாது, அப்படிப்பட்ட ஒருவர் அங்கே நியாயமான விலைக்கு ஒரு சட்டை வாங்க முடியுமா? தாராளமாக முடியும். ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கு கணக்கை நம்பிப் போனால் நிறைய இடங்களில் வெறுங்கையோடு திரும்புவீர்கள். சில இடங்களில், அந்தக் கணக்குப்படியே வாங்கியும் அதிகம் கொடுத்திருப்பீர்கள்.

நான் ஆயத்த ஆடைக் கொள்முதலில் பல வருடம் குவாங்சோவில் வேலை பார்த்தவன். சென்னை, மதுரை, கொழும்புக் கடைகளுக்குச் சரக்கு எடுத்து அனுப்புவது வேலை. பெய்ஜிங்குக்கும் ஷாங்காய்க்கும் அடிக்கடி போய் வந்திருக்கிறேன். செங்டு, சியான் மாதிரி உள்நாட்டு நகரங்களில் நான் வாங்கியது குறைவு, அதனால் கீழே சொல்வதை அந்த ஊர்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள்.

முதலில் அந்தக் கணக்கு எங்கே பிறந்தது என்று பார்ப்போம். பெய்ஜிங்கில் தூதரகங்கள் இருக்கும் பகுதியை ஒட்டி சியூஷுய் என்று ஒரு சந்து இருந்தது. ‘பட்டுத் தெரு’ என்று வெளிநாட்டவருக்கெல்லாம் தெரிந்த இடம். 2005 ஜனவரியில் சந்துக் கடைகளை மூடி, அதே ஆண்டு மார்ச்சில் பக்கத்திலேயே பல மாடிக் கட்டடமாகத் திறந்தார்கள். யோங்ஆன்லி மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் எதிரே அதுதான். ஷாங்காயில் ஷியாங்யாங் சாலைச் சந்தை இதே வகை. 2006 ஜூன் 30-ல் அதை மூடினார்கள். ஷென்ஜெனில் ஹாங்காங் எல்லையைத் தாண்டியதும் நிற்கும் லோஹு வணிக வளாகமும் இந்த ரகம்தான். இங்கெல்லாம் வாடிக்கையாளர் ஒரே ஒரு முறை வருகிற சுற்றுலாப் பயணி. மறுபடி வரப் போவதில்லை. ஆகவே கடைக்காரர் சொல்லும் முதல் விலை சரக்கின் விலையாக இருக்காது. உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று ஆழம் பார்க்கிற எண் அது. நான்கு மடங்கும் இருக்கலாம், பத்து மடங்கும் இருக்கலாம். பத்தில் ஒரு பங்கு என்ற பேச்சு இங்கிருந்து கிளம்பி, சீனா முழுக்க இப்படித்தான் என்று பயணிகள் மத்தியில் பரவிவிட்டது.

நீங்கள் முதலில் போகும் குவாங்சோ முற்றிலும் வேறு உலகம். அங்கே ஷாஹ, ஷிசான்ஹாங், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1993-ல் தொடங்கிய பைமா என்று பெரிய மொத்த விற்பனைச் சந்தைகள் இருக்கின்றன. ஷாஹவில் விடிவதற்கு முன்பே வியாபாரம் சூடுபிடித்து மதியத்துக்குள் ஓய்ந்துவிடும். இரண்டு பேர் ஒட்டி உரசித்தான் கடக்க முடிகிற நடைவழி. இரு பக்கமும் கூரை தொடும் அளவுக்குக் கண்ணாடிக் கவரில் போட்ட துணி. கறுப்பு பிளாஸ்டிக் மூட்டைகளை இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றி, வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடுகிறவர்கள். மாதிரிக்கு ஒரே ஒரு சட்டையை முன்னால் மாட்டியிருப்பார்கள். கொள்முதல் செய்ய வந்த பெண் காலரைத் தொட்டுப் பார்ப்பார், உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பார், மொத்தமாக எடுத்தால் என்ன விலை என்று கேட்பார். கடைக்காரர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே ‘35’ என்பார். கறுப்பில் மூன்று, வெள்ளையில் இரண்டு. கார்பன் தாள் வைத்த பில்லில் நான்கு கிறுக்கல். முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகாது.

இந்த இடத்தில் போய், 35 சொன்னவரிடம் நான்கு யுவான் தருகிறேன் என்றால் அவர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அந்தச் சட்டையில் அவருக்கு நிற்பது சில யுவான்தான். கடை வாடகை கடுமையானது, பக்கத்துக் கடையிலும் அதே மாடல் தொங்குகிறது, அதனால் விலை ஏற்கெனவே அடிமட்டத்துக்கு வந்திருக்கும். இங்கே விலையைக் குறைப்பது உங்கள் பேச்சு இல்லை, எத்தனை உருப்படி எடுக்கிறீர்கள் என்பதுதான். ஒன்று மட்டும் கேட்டால் பல கடைகளில் இல்லை என்பார்கள். கொடுக்கிறவர்களும் பத்து, இருபது யுவான் சேர்த்துச் சொல்வார்கள். அதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், சில்லறைக்கு அது நியாயம்தான். உங்கள் குடும்பத்துக்கு எப்படியும் எட்டுப் பத்து உருப்படி வேண்டும் அல்லவா? ஒரே கடையில் நிறம் மாற்றி, அளவு மாற்றி ஐந்தாறு எடுங்கள். கடைசியில் மொத்தத்தில் ஐந்து யுவான், பத்து யுவான் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பெரும்பாலும் செய்வார்கள். போட்டுப் பார்க்க விட மாட்டார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோளில் வைத்து அளவு பார்ப்பதோடு சரி.

மூன்றாவது வகை, ஊர்க்காரர்களே மாலையில் வாங்குகிற தெருக்கடைகளும் இரவுச் சந்தைகளும். குவாங்சோவில் ஷாங்ஷியாஜியு நடைவீதியில் கடை வாசலில் நின்று கைதட்டிக் கூப்பிடுவார்கள். அட்டையில் 39, 59 என்று எழுதி வைத்திருப்பார்கள். எழுதிப் போட்ட விலையில் பெரிய பேரம் கிடையாது. இரண்டு எடுத்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நடைபாதையில் துணியை விரித்து விற்பவர்களிடம் இன்னும் சற்று இறங்கும். அவர்கள் நகர நிர்வாகக் காவலர்கள் வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியவர்கள். நாளை அதே இடத்தில் இருப்பார்கள் என்று நிச்சயமில்லை, ஆகவே அங்கே வாங்கியதை மாற்றிக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. துணியை நன்றாக விரித்து, கறை, ஓட்டை, ஜிப் எல்லாம் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சரி, நியாயமான விலை எது என்று எப்படித் தெரியும்? இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லாத பதில் ஒன்று இருக்கிறது. இன்று சீனாவில் துணியின் உண்மையான விலை கைபேசியில் இருக்கிறது. 2003-ல் தாவ்பாவ் என்ற இணையக் கடை வந்த பிறகு, ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் சந்தையில் வாய்ப்பேரம் பேசுவதையே குறைத்துவிட்டார்கள். தாவ்பாவ் செயலியில் கேமரா குறியைத் தொட்டு, கடையில் தொங்கும் துணியைப் படம் பிடித்தால், அதே மாதிரியோ அதற்கு மிக நெருக்கமானதோ வரிசையாக விலையோடு வந்து நிற்கும். மொத்த விலைக்கு 1688 என்ற தளம் இருக்கிறது. இரண்டு விலைக்கும் நடுவில் எங்கேயாவது வாங்கினால் நீங்கள் ஏமாறவில்லை. தாவ்பாவ் விலையைவிட கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தவறில்லை, கையில் தொட்டுப் பார்த்து உடனே எடுத்துப் போகிற வசதிக்கு அது கூலி. ஒரே ஒரு எச்சரிக்கை: படம் ஒத்துப்போகும், துணியின் கனமும் தையலும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே அதில் வரும் மிகக் குறைந்த விலையைப் பிடித்துக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நடுவில் நிற்கும் நாலைந்து விலைகளைப் பாருங்கள்.

இதை வைத்துக்கொண்டு பெய்ஜிங் பட்டுத் தெருக் கட்டடத்துக்குள் போகிறீர்கள் என்று வைப்போம். ஒரு விண்ட்சீட்டர் பிடித்திருக்கிறது. தாவ்பாவில் 90 முதல் 120 வரை பார்த்துவிட்டீர்கள். விலை கேட்டால் அந்தப் பெண் கால்குலேட்டரில் 480 தட்டி உங்கள் பக்கம் திருப்புவார். நீங்கள் 80 தட்டுங்கள். அவர் நெஞ்சில் கை வைத்து அதிர்ச்சி காட்டுவார், ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக் காட்டுவார், தண்ணீர் ஊற்றிக் காட்டுவார், பிறகு 320 தட்டுவார். அவர் பெரிய படியாக இறங்கும்போது நீங்கள் சின்னப் படியாக ஏறுங்கள்: 90. அவர் 220. நீங்கள் 100. இந்த இடத்தில் சிரித்த முகத்தோடு நன்றி சொல்லிவிட்டு, சாவகாசமாக நடக்கத் தொடங்குங்கள். 480-க்கு 80 என்று நீங்கள் சொன்னது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஆனால் அது ஆறில் ஒரு பங்கு என்பதால் சரியான விலையாகவில்லை. அவர் 200 என்று தொடங்கியிருந்தாலும் நீங்கள் 80-ல்தான் தொடங்கியிருப்பீர்கள். அவர் சொல்லும் எண்ணுக்குப் பின்னால் ஓடாமல் துணியின் விலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நான் சொல்வது இதைத்தான்.

நடக்கத் தொடங்கிய உங்களை அவர் கூப்பிட்டு 100-க்குத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 150 என்று கூப்பிட்டால் 110 சொல்லிப் பாருங்கள். கூப்பிடவே இல்லை என்றால் வருத்தப்பட வேண்டாம், 100 அவருக்குக் கட்டுபடியாகவில்லை என்ற தகவல் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அதே மாடியில் அதே சரக்கு இன்னும் பல கடைகளில் இருக்கும். அடுத்த கடையில் 110-லிருந்து தொடங்குங்கள்.

இங்கே நான் கண்டிப்பாக இருக்கிற ஒரு விஷயம் உண்டு. வாங்க மனமில்லாமல் விலை சொல்லாதீர்கள். நீங்கள் சொன்ன விலைக்கு அவர் சம்மதித்துப் பையில் போட்ட பிறகு வேண்டாம் என்று நகர்ந்தால் அது பெரிய அவமதிப்பு. கையைப் பிடித்து இழுப்பதும் திட்டுவதும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது, அதில் கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. அவரும் ஹூபெயிலிருந்தோ ஹூனானிலிருந்தோ பிழைக்க வந்து, காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே இருப்பவராக இருக்கலாம். கடைசி ஐந்து யுவானுக்காக அவரைக் கெஞ்ச வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. ஐந்து யுவான் என்பது ஏறக்குறைய நம் அறுபது, எழுபது ரூபாய்தான்.

காலையில் முதல் ஆளாகப் போனால் மலிவாகக் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். நம்மூரில் போணி பார்ப்பது போல அங்கேயும் நாளின் முதல் வியாபாரத்தை நல்ல சகுனமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அது உண்மை. அதனால் விலை குறையும் என்பதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். மாலை நான்கு மணிக்கும் ‘நீங்கள்தான் இன்று முதல் ஆள்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். காலையில் கூட்டம் இல்லாததால் பொறுமையாகப் பேசுவார்கள், எனக்குத் தெரிந்த ஆதாயம் அது. சீனப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் குளிர்காலச் சரக்கு இறங்கி வரும் என்பது மட்டும் நிச்சயம். அதோடு, புத்தாண்டு விடுமுறையில் மொத்தச் சந்தைகள் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும், அந்தச் சமயத்தில் போய் நிற்காதீர்கள்.

மொழி பெரிய தடையில்லை. கால்குலேட்டர் போதும். ஆனால் இரண்டு இடங்களில் நம்மவர்கள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று விரல் கணக்கு. அங்கே ஒன்று முதல் பத்து வரை ஒரே கையில் காட்டுவார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினால் நமக்கு இரண்டு என்று தோன்றும், அங்கே அது எட்டு. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு. இன்னொன்று தள்ளுபடிப் பலகை. எட்டு என்ற எண்ணும் பக்கத்தில் ஒரு சீன எழுத்தும் போட்டிருந்தால் 80 சதவீதம் தள்ளுபடி என்று நினைத்து உள்ளே போவார்கள். பத்தில் எட்டுப் பங்கு கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அதாவது தள்ளுபடி 20 சதவீதம். எண் சிறியதாக இருக்க இருக்கத்தான் உங்களுக்கு லாபம்.

விலையைவிட அதிகமாக ஏமாறுவது துணியில்தான். இதைச் சொல்லத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். 480-லிருந்து 60-க்கு இறக்கிவிட்டோம் என்று பூரித்துப் போய் ‘பட்டு’ச் சட்டை வாங்கி வருகிறவர்கள் நிறைய. உண்மையான மல்பெரிப் பட்டில் ஒரு பெரியவர் சட்டை 60 யுவானுக்கு வரவே வராது, துணியின் அடக்க விலையே அதைத் தாண்டிவிடும். வாங்கியது பாலியஸ்டர் சாட்டின், அதற்கு 60 கொஞ்சம் அதிகம்கூட. பட்டின் கனத்தை மோம்மே என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மோம்மே என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 4.3 கிராம். ஸ்கார்ஃபுக்கு 12, 14 போதும், சட்டைக்கு 16, 19, அதற்கு மேல் 22 நல்ல கனம். எத்தனை மோம்மே என்று கேட்டாலே கடைக்காரர் பேச்சு மாறும். ‘ஐஸ் சில்க்’ என்று விற்பது பட்டே இல்லை, பெரும்பாலும் விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் இழை) அல்லது நைலான்.

நூலைக் கொளுத்திக் காட்டுவது அங்கே சகஜம். பட்டு எரிந்தால் முடி பொசுங்கிய வாடை வரும், சாம்பல் விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உருண்டுவிடும். விஸ்கோஸ் காகிதம் போல எரியும். இந்தச் சோதனை நம்பகமானதுதான். ஆனால் அவர் எந்த நூலைக் கொளுத்துகிறார் என்று பாருங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் தயாராக வைத்திருக்கும் துண்டையோ, குஞ்சத்தில் இருக்கும் இழையையோ கொளுத்தினால் அது உங்கள் துணிக்குச் சாட்சி ஆகாது. நீங்கள் வாங்கப் போகும் உருப்படியின் உள்மடிப்பிலிருந்து நீங்களே ஒரு இழை உருவிக் கொடுங்கள். 100 சதவீதம் காஷ்மியர் (உயர்ரக ஆட்டு உரோமம்) என்று லேபிள் தைத்த ஐம்பது யுவான் சால்வைக்கு இந்தச் சோதனைகூடத் தேவையில்லை, அந்த விலைக்கு அது அக்ரிலிக்கோ விஸ்கோஸோதான். பார்க்க அழகாக இருந்தால் அதற்கான விலைக்கு வாங்குங்கள், காஷ்மியர் என்று நினைத்து வாங்காதீர்கள். இறகு ஜாக்கெட் என்றால் உள்ளே எத்தனை கிராம் இறகு அடைத்திருக்கிறது என்று லேபிளில் பாருங்கள். கையில் அழுத்தி விட்டால் உடனே உப்பி எழ வேண்டும்.

அளவில் சீன முறை உண்மையிலேயே நல்ல முறை. லேபிளில் 165/88 ஏ என்று இருந்தால், 165 செ.மீ. உயரமும் 88 செ.மீ. மார்பளவும் உள்ள நடுத்தர உடல்வாகுக்கு. ஒய் என்றால் ஒல்லி, பி, சி என்றால் இடுப்பு பெருத்தவர்களுக்கு. எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்பதை நம்பாமல் இதைப் படியுங்கள். நம்மூர் எல் அங்கே பல சமயம் டபுள் எக்ஸ்எல் ஆகிவிடும். கிளம்பும் முன் வீட்டில் எல்லோருடைய உயரமும் மார்பளவும் குறித்து எடுத்துப் போங்கள், எடையும்கூட. கடைக்காரர்கள் எடையைக் கேட்டுத்தான் அளவு சொல்வார்கள். அது கிலோவில் இருக்காது, அரைக் கிலோ கணக்கில் இருக்கும், ஆகவே 65 கிலோ என்றால் 130 என்று சொல்ல வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு அலிப்பே, வீசாட் பே என்ற கைபேசிச் செயலிகள் இரண்டிலும் இப்போது வெளிநாட்டு அட்டைகளை இணைக்க முடிகிறது. ஊரிலிருந்தே இணைத்து அடையாளச் சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள். 200 யுவானுக்கு உட்பட்ட தொகைக்குக் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் 3 சதவீதம் பிடிப்பார்கள். சிறு கடைகளில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீடு தனிநபர் கணக்காக இருந்தால் வெளிநாட்டு அட்டை எடுபடாமல் போகலாம், அதற்காகக் கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும். சிவப்பு 100 யுவான் நோட்டைக் கொடுக்கும்போது அதன் கடைசி மூன்று எண்களைக் கடைக்காரர் பார்க்கும்படி படித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். நோட்டை மேசைக்குக் கீழே கொண்டுபோய் வேறொன்றை எடுத்து, உங்களுடையது கள்ள நோட்டு என்று திருப்பித் தருகிற பழைய தந்திரம் அதோடு நின்றுவிடும். எழுதிப் போட்ட விலைக்கு மேல் வாங்குவது சீன விலைச் சட்டப்படி தவறு. அப்படி நடந்தால் 12315 என்ற நுகர்வோர் புகார் எண் இருக்கிறது. அந்த எண்ணைக் கைபேசியில் காட்டினாலே பல தகராறுகள் அடங்கிவிடும்.

பெரிய பிராண்டு பெயர் போட்ட சரக்கைப் பற்றி ஒரே வரி: சந்தையில் கிடைப்பது போலி, வேண்டாம். சியூஷுய் பட்டுத் தெருக் கட்டடத்தின் மீதே ஐந்து பெரிய பிராண்டுகள் வழக்குப் போட்டு 2005 இறுதியில் ஜெயித்திருக்கின்றன.

உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். பெய்ஜிங்கில் ஊர்க்காரர்கள் மலிவாக வாங்கிய மிருகக்காட்சிசாலை மொத்தச் சந்தையை 2017 இறுதியோடு மூடிவிட்டார்கள், ஆகவே அன்றாடத் துணியெல்லாம் குவாங்சோவிலேயே முடியட்டும். முதல் நாள் மாலை ஷாங்ஷியாஜியுவில் வாங்காமல் நடந்து விலைகளைப் பார்த்து வையுங்கள். மறுநாள் காலை பைமாவுக்குப் போங்கள், ஷாஹவைவிட அங்கே புதியவர் நின்று பார்க்க இடமும் நிதானமும் இருக்கும். பட்டு மட்டும் பெய்ஜிங்கில். தாஷிலான் தெருவில் ருய்ஃபூஷியாங் என்று 1893-லிருந்து இருக்கிற பட்டுக்கடை, பேரமில்லாத நிலையான விலை. முதலில் அங்கே போய் 16, 19 மோம்மே துணிகளைத் தொட்டுப் பார்த்து, மீட்டர் விலையைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு சொர்க்கக் கோயிலுக்கு எதிரே இருக்கும் ஹொங்ச்சியாவ் சந்தையில் பேரத்தைத் தொடங்குங்கள். குவாங்சோவிலிருந்து பெய்ஜிங்குக்கு விமானத்தில் போவதாக இருந்தால் உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் பொதுவாக 20 கிலோதான் அனுமதி, அதையும் பார்த்து எடுங்கள்.